தொண்ணூற்றேழு தட்டுகள்

2025 ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால். விடிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது. இரவு இரண்டு மணிக்குப் பிடித்த மழை ஐந்தரைக்கு விட்டிருந்தது. வானம் மூடியே கிடந்தது, காற்று இல்லை. தார்ச்சாலையில் தண்ணீர் தேங்கிய இடங்களிலெல்லாம் ரதத்தின் விளக்குகள் தெரிந்தன. தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பின் அம்மன் கோயில் ஆடித் திருவிழா ரதம் அந்த நிமிடத்தில் நகர்ந்தது. அன்று சொன்ன நேரத்துக்கு நடந்தது அது ஒன்றுதான்.

ரதத்துக்கு முன்னால், பால்குடம் எடுத்த பெண்களுக்குப் பின்னால், நான் நடந்தேன். எனக்கு எழுபத்தொன்பது வயது. குடிநீர் இலாகாவின் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். கோயில் செயலவையில் நான் உறுப்பினர்கூட இல்லை. ஆனாலும் அந்த ஊர்வலத்துக்குச் சாலையை மூட போலீஸ் கொடுத்த அனுமதியில் விண்ணப்பதாரர் என்று இருந்தது என் பெயர். காரணம் எளிது. அந்த மாவட்டத்தின் போலீஸ் தலைவர் என் மகள்.

அவளுக்கு அந்த நாற்காலி கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஏன் இத்தனை எரிச்சல் என்று புரியாது. 1995இல், இருபத்து நான்கு வயதில், இன்ஸ்பெக்டர் பயிற்சிக்குப் போனாள். அவளோடு ஒரே அணியில் பயிற்சி முடித்த ஆண்களில் பதினொருவர் மாவட்டத் தலைவர்களாகி, அதில் நால்வர் ஓய்வும் பெற்ற பிறகுதான் அவள் மாவட்டத் தலைவர் ஆனாள். பெண்கள், குழந்தைகள் வழக்கு என்றால் அவளைக் கூப்பிடுவார்கள். அதை நன்றாகச் செய்தாள் என்பதாலேயே அங்கேயே வைத்திருந்தார்கள். பிறகு நிர்வாகம், பயிற்சிக் கல்லூரி, மறுபடி நிர்வாகம். ஒன்பது இடமாற்றங்கள், ஒன்றுகூட மலேசியாவின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஜொகூர் மாநிலத்துக்கு இல்லை. துணை, உதவி, இடைக்காலம் ஆகிய மூன்று சொற்களில் ஏதாவது ஒன்று பத்தொன்பது ஆண்டுகள் அவள் பதவிப் பெயருக்கு முன்னால் நின்றது. இதையெல்லாம் நான் சொன்னால், "எண்ணாதீங்க பா, எண்ணுனா ஏறாது" என்பாள். எண்ணாவிட்டால் மட்டும் ஏறியதா?

2024 ஜூனில் அவள் இந்த மாவட்டத்துக்குப் பொறுப்பேற்ற விழாவுக்கு நானும் போனேன். முன்வரிசையில் மாவட்டத் தலைவரின் மனைவிக்கென்று ஒரு நாற்காலி போடுவது வழக்கம். பழைய தலைவரின் மனைவி புதிய தலைவரின் மனைவிக்கு ஓர் அன்பளிப்பு கொடுப்பதும் வழக்கம். போலீஸ் குடும்பங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. தலைவரின் மனைவிதான் அதற்கும் தலைவி. என் மகளோ கல்யாணம் செய்துகொள்ளாதவள். என் மனைவி இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. நாற்காலி காலியாக இருந்தால் படத்தில் நன்றாக இராது என்று ஒரு சார்ஜன் என் கையைப் பிடித்து அழைத்துப் போய் அங்கே உட்காரவைத்தார். பழைய தலைவரின் மனைவி என் முன்னால் வந்து ஒரு கணம் தயங்கினார். பிறகு அன்பளிப்பை என் கையில் கொடுத்தார். பளபளவென்று தோலில் செய்த, தங்க நிறக் கொக்கி வைத்த, பெண்களின் கைப்பை. எல்லோரும் கைதட்டினார்கள். மேடையில் என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பையில் இப்போது என் மருந்துகளும் பில்களும் இருக்கின்றன. நல்ல பை, வீணாக்குவானேன்?

ஆனால் அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில் ஒன்று நடந்துவிட்டது. தலைவரிடம் நேரே போக முடியாதவர்கள் தலைவரின் மனைவி வழியாகப் போவார்கள். இங்கே மனைவி இல்லை, நான் இருந்தேன். அடுத்த வாரமே வாசலில் ஆள் வர ஆரம்பித்தது. ஸ்கூடாயிலிருந்து ஒருவர் மகனின் லைசென்சுக்காக வந்தார். மாசாயிலிருந்து ஒருவர் திருடுபோன மோட்டார் சைக்கிளுக்காக வந்தார். நான் கணக்கு வைத்தேன். பதினான்கு மாதங்களில் அறுபத்தேழு பேர். அறுபத்தேழு பேருக்கும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஸ்டேஷன்ல ரிப்போர்ட் போடச் சொல்லுங்க பா." வந்தவர்கள் என்னைத்தான் முறைத்துவிட்டுப் போனார்கள்.

அறுபத்தெட்டாவதாக வந்தவர் கோயில் தலைவர். லாரி வைத்துப் பிழைத்தவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், வாய் ஓயாதவர்.

"அண்ணே, இந்த வருஷம் திருவிழாவ ஞாயித்துக்கெழமைக்கு மாத்திட்டோம். வெள்ளிக்கெழமதான் வேல நாளாப் போச்சே. பெர்மிட்டுக்கு நீங்க கையெழுத்து போட்டா மேடம் ரெண்டாந்தடவ பாக்க மாட்டாங்க."

"தலைவர் நீங்க. நீங்க போடுறதுதானே முறை?"

"நான் கவுண்டர் பக்கம் போனா அடையாளக் கார்டு ஐசி நம்பர தட்டுவான். கட்டாத அபராதம், பதினோரு சம்மன் வரிசையா வந்து நிக்கும். டிஸ்கவுண்ட் எப்ப போடுவான்னு காத்துக்கிட்டு இருக்கேன் லா. இப்ப போய் மாட்டவா?"

நான் கையெழுத்துப் போட்டேன். வந்தவர்களில் ஒருவருக்காவது ஏதாவது செய்ய முடிந்தது என்று இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

என் மகளுக்கு அது பிடிக்கவில்லை. மாவட்டத் தலைவருக்கென்று அரசாங்கம் கொடுத்த வீட்டில் அவள் பெட்டிகளை மட்டும் வைத்திருந்தாள். சாப்பாடும் தூக்கமும் என் வீட்டில்தான். இரவு தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"உங்க பேர்ல வந்தா நான் அந்த ஃபைல தொட மாட்டேன். என் துணைத் தலைவர் பாப்பாரு. ஆனா ஒண்ணு கேக்குறேன். பெரிய ரோட்ட எத்தன மணிக்குத் திறந்து விடுவீங்க?"

"ஒன்பதரை."

"நிச்சயமா?"

"நான் என்ன குத்துமதிப்பாவா சொல்றேன்? கணக்கு போட்டிருக்கேன்."

போட்டிருந்தேன். ரதம் தாமதமாவது நடையால் அல்ல. வழியில் வீட்டு வாசல்களில் அர்ச்சனைத் தட்டோடு நிற்பார்கள். தட்டுக்குத் தட்டு ரதம் நிற்கும், குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்பார், தேங்காய் உடையும், தீபாராதனை நடக்கும். ஒரு தட்டுக்கு இரண்டரை நிமிடம். முந்தைய மூன்று ஆண்டுகளும் ரதத்தோடு நடந்து எண்ணியிருக்கிறேன். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று. கூட்டியே நாற்பத்தைந்து என்று வைத்தேன். நூற்றுப் பன்னிரண்டரை நிமிடம், நடைக்கு நாற்பத்தைந்து நிமிடம். ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் ஒன்பது இருபத்திரண்டு. கையில் எட்டு நிமிடம் மிச்சம்.

அவள் என் தாளைப் பார்த்தாள், தலையாட்டினாள். பிறகு மெல்லச் சொன்னாள், "திருவிழா முடிஞ்சு ரெண்டு வாரத்துல எனக்கு நேர்காணல் பா."

அதுதான் விஷயம். மாநிலத் தலைமையகம் ஒன்றில் குற்ற விசாரணைப் பிரிவுக்குத் தலைவர் பதவி. எந்த மாநிலம் என்று சொல்லவில்லை, தேர்ந்தெடுத்த பிறகுதான் சொல்வார்கள். முப்பது ஆண்டுகளில் அவளை இதற்குக் கூப்பிட்டது முதல் தடவை. இதை விட்டால் ஓய்வுக்கு முன் இன்னொரு தடவை வராது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை. ஏழே முக்காலுக்குள் முதல் தெருவிலேயே பத்தொன்பது தட்டுகள். எட்டே முக்காலுக்கு நாற்பதைத் தாண்டியது. இன்னும் பெரிய சாலையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. அடுத்த தாமான், அதற்கடுத்த தாமான் என்று எங்கிருந்தோ ஆட்கள் காரை வாய்க்கால் ஓரம் நிறுத்திவிட்டு, குழந்தை குட்டிகளோடு, பட்டுப் புடவையில், தட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள். என் பக்கத்து வீட்டுப் பையன் மனைவியோடு நின்றான். அவனை நான் எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை.

"நீ எங்கடா இங்க?"

"ஞாயிறு லீவு அங்கிள். வெள்ளிக்கெழம வச்சா நாங்க எப்படி வர்றது? காலைல நாலு மணிக்கே சிங்கப்பூர் பாலத்துல நிக்கணுமே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜொகூரில் பத்தாண்டுகளுக்கு மேல் வார விடுமுறை வெள்ளியும் சனியும். திருவிழாவையும் வெள்ளிக்கிழமைதான் வைத்தோம். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு வெள்ளி வேலை நாள். விடியும் முன்பே எல்லை தாண்டிப் போய்விடுவார்கள். இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. ஞாயிறு அங்கேயும் விடுமுறை. நான் மூன்று ஆண்டுகளாக எண்ணியது வெள்ளிக்கிழமைத் தட்டுகளை. என் வீட்டுக்கு வலது பக்கம், இடது பக்கம், எதிரே, மூன்று வீட்டிலும் சிங்கப்பூர் சம்பளம். இது தெரியாமல் நான் என்ன கணக்கன்?

ஒன்பதரை ஆயிற்று. பெரிய சாலையின் ஒரு பாதி எங்களுடையது, மறு பாதியில் இரு பக்க வண்டிகளும் மாறி மாறி ஊர்ந்தன. தொழிற்சாலைப் பேருந்துகள் மூன்று மாட்டிக்கொண்டிருந்தன. போக்குவரத்துப் பிரிவின் தலைவர், முப்பத்தைந்து வயதிருக்கும் மலாய்க்காரர், என்னருகே வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் அப்போதே ரதத்தை நகர்த்தியிருப்பார். மேலதிகாரியின் தகப்பன் முன்னால் நடக்கும்போது என்ன செய்வார்? "பாக்சிக், இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மலாயில் பணிவாகக் கேட்டார். பெரியப்பாவைக் கேட்பதுபோல. "கொஞ்ச நேரம்" என்றேன். இப்படியே இன்னும் நாற்பது நிமிடம் ஓடியது. மாட்டிக்கொண்ட ஒரு காரிலிருந்து ஒருவன் இறங்கிக் கைத்தொலைபேசியை உயர்த்தி நேரலையில் பேச ஆரம்பித்தான். "இதோ பாருங்க, மாவட்டத் தலைவரோட அப்பா கோயிலாம். யாரு கேப்பா?" தமிழன்தான். அதுதான் இன்னும் எரிந்தது.

பத்து இருபத்தைந்துக்கு அவள் வந்தாள். சீருடையில், தனியாக, காரை அரைக் கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். அவளைக் கண்டதும் கோயில் தலைவருக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"நமது மாவட்ட போலீஸ் தலைவர், நம் இனத்தின் பெருமை, மேடம் அவர்கள் இப்போது வருகை தந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மாலை, பொன்னாடை அணிவித்து..."

இரண்டு பேர் நிஜமாகவே மாலையோடு ஓடி வந்தார்கள். நாதஸ்வரம் வேறு கிளம்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பொன்னாடைக்கு எத்தனை நிமிடம்?

"மால அப்புறம்ணே," என்றாள் என் மகள். சத்தம் போடவில்லை. ஒலிபெருக்கியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குருக்களைப் பார்த்தாள். "சாமி, இன்னிக்கு ரோட்டுல அர்ச்சன போதும். தட்டு வச்சிருக்கிற அம்மாங்க எல்லாரும் கேளுங்க. யாரும் கலைஞ்சு போக வேணாம். இப்ப நிக்கிற வரிசைப்படியே ரதத்துக்குப் பின்னால நடங்க. கோயில் வாசல்ல இதே வரிசையில அர்ச்சன நடக்கும். ஒருத்தர் தட்டும் விடுபடாது, நான் பொறுப்பு."

"நாங்க காலைல ஏழு மணியிலேருந்து நிக்கிறோம்!" என்று ஓர் அம்மாள் கத்தினாள். "அம்மனுக்கே டைம் வைக்கிறீங்களா?"

"அம்மனுக்கு இல்லக்கா. அந்த பஸ்ல நைட் ஷிப்ட் முடிச்ச பொண்ணுங்க இருக்காங்க. அவங்க வீட்டுக்குப் போயி தூங்கணும். நீங்க முன்னால வாங்க. நீங்கதான் ஃபர்ஸ்ட்."

அந்த அம்மாள் முன்னால் வந்து நின்றுகொண்டாள். அவள் வந்தபின் மற்றவர்களும் வந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை. ரதம் நிற்காமல் உருண்டது. பத்து ஐம்பதுக்குப் பெரிய சாலை திறந்துவிட்டது. ஐம்பத்தைந்து நிமிடம் அந்தப் போக்குவரத்து அதிகாரியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவளுக்கு இருபத்தைந்து நிமிடம். அந்த வேளையிலும் நான் எண்ணினேன். முடிந்த தட்டுகள் எழுபத்தொன்று, பின்னால் நடந்து வந்தவை இருபத்தாறு. மொத்தம் தொண்ணூற்றேழு.

கோயில் வாசலில் அவள் போக்குவரத்து அதிகாரியைக் கூப்பிட்டாள். மலாயில் கேட்டாள், "விண்ணப்பதாரர் யார்?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"எண்பது நிமிஷம் நிபந்தனையை மீறியிருக்கிறார்கள். வேறு எந்த விண்ணப்பதாரராக இருந்தால் என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள்." சொல்லிவிட்டு நடந்துபோய்விட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

முந்நூறு வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, என் பெயரில் ஒரு சம்மன். அந்த அதிகாரி அதை இரண்டு கையாலும் நீட்டினார், கல்யாணப் பத்திரிகை கொடுப்பதுபோல. கோயில் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"அலமாக்! பெத்த அப்பனுக்கேவா? அண்ணே, ஒங்க பேரு போட்டது நல்லதாப் போச்சு. என் பேரா இருந்தா பன்னெண்டு ஆயிருக்கும்."

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்தாள். "சாம்பார்ல உப்பு கம்மி பா" என்றாள். நான் உப்பு ஜாடியை அவள் பக்கம் தள்ளினேன். அடுத்த நாளும் அதேதான். மூன்றாம் நாள் மேல்முறையீடு எழுதினேன். சம்மன் தொகையைக் குறைக்கக் கேட்டு யார் வேண்டுமானாலும் எழுதலாம், இந்த நாட்டில் எல்லோரும் எழுதுகிறார்கள். வார விடுமுறை மாற்றத்தை விளக்கி, மூன்றாண்டுத் தட்டுக் கணக்கையும் இணைத்து, நல்ல மலாயில் இரண்டு பக்கம். அவளிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள் போக்குவரத்து அதிகாரியே தொலைபேசியில் அழைத்தார். குரலில் உற்சாகம். "பாக்சிக், முடிந்துவிட்டது. முந்நூறை நூறாக்கிவிட்டேன்."

இரவு அதை நான் வெற்றிச் செய்திபோல அவளிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாரு குறைச்சது?"

சொன்னேன்.

"அந்த வீடியோ போட்டவன் அன்னிக்கே கீழ எழுதியிருந்தான் பா. 'பொறுத்திருந்து பாருங்க, அப்பாவுக்கு மட்டும் தனி டிஸ்கவுண்ட் வரும்'னு. பத்தாயிரம் பேர் அதப் பாத்திருக்காங்க. நீங்க அவன் சொன்னத நெசமாக்கிட்டீங்க."

"எல்லாருக்கும் குறைக்கிறாங்க. பதினோரு சம்மன் வச்சிருக்கிறவருக்குக்கூட பாதி குறையும். எனக்கு மட்டும் ஏன் முழுசு?"

"அவர் பொண்ணு மாவட்டத் தலைவர் இல்லயே."

"அப்ப நீயே ரத்து பண்ணு."

"எப்படிப் பண்ணுவேன்? குறைச்சது தப்புன்னு சொன்னாலும் தலையீடு, சரின்னு விட்டாலும் தலையீடு. நான் தொடவே முடியாது. கேட்டது நீங்க, நீங்கதான் திருப்பி எடுக்கணும்." கையைக் கழுவிவிட்டு வந்து கதவருகே நின்றாள். "நேர்காணல்ல முதல் கேள்வியே இதுவாத்தான் இருக்கும். என்ன பதில் சொல்லணும்னு எனக்குத் தெரியும். நான் சொல்ற பதில் உண்மையா இருக்கணும். அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முப்பது ஆண்டுகளாக இவளை மேலே ஏற்றாதவர்கள், என்னுடைய இருநூறு வெள்ளியை வைத்தா இப்போது முடிவு செய்யப் போகிறார்கள்? அவளோடு சேர்ந்த அந்தப் பதினொரு பேரின் தகப்பன்மார் சம்மன் கட்டினார்களா என்று யாராவது விசாரித்தார்களா? படுத்த பிறகு இன்னொன்றும் தோன்றியது. நூறாகவே இருக்கட்டுமே. பதவி போனால் போகட்டும். இங்கேயே மாவட்டத் தலைவராக இருந்து ஓய்வு பெறட்டும், என் வீட்டில் தோசை சாப்பிடட்டும். அவளுக்கு நான் எதுவும் செய்யத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும்.

அதை நினைத்துக்கொண்டே இரண்டு நாள் சும்மா இருந்தேன். உப்புக்கூட என்னால் சரியாகப் போட முடியவில்லை.

பிறகு வாடகைக் கார் பிடித்து மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஓர் இளம் பெண் போலீஸ். கைப்பையின் தங்கக் கொக்கியைத் திறந்து முந்நூறு வெள்ளியை எடுத்து வைத்தேன். அவள் பையைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நூறை எடுத்துக்கொண்டு இருநூறைத் திருப்பித் தள்ளினாள்.

"முந்நூறு" என்றேன்.

"தக் போலே, பாக்சிக்" என்றாள். முடியாதாம். கணினியில் நூறு என்று இருந்தால் நூறுதான் வாங்க முடியும். கூடக் கட்டுகிறேன் என்று யாரும் இதுவரை வந்ததில்லையாம். குறைக்கச் சொன்ன கடிதத்தை வாபஸ் வாங்கினால் வேண்டுமானால் பார்க்கலாம்.

நூறைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீடு வந்து, வாபஸ் கடிதம் எழுதி, பிரதி எடுத்து, மறுநாள் போனேன். போக்குவரத்து அதிகாரி கோலாலம்பூரில் கூட்டமாம். குறைத்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெண்ணே வருத்தப்பட்டாள். "இன்றைக்கே நூறைக் கட்டிவிட்டுப் போங்களேன்" என்றாள். மாடியில், தலைக்கு மேல் இரண்டாம் தளத்தில், என் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடியும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் சொல்லக் கூடாது, நானும் கேட்கக் கூடாது. என்ன வேலை இது!

மூன்றாவது தடவை போனபோது நேர்காணலுக்கு ஒரு நாள்தான் இருந்தது. வெளியே நல்ல மழை, வாடகைக் காருக்கு இரண்டு வெள்ளி கூட. அதிகாரி என்னைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனார். முகம் வாடியிருந்தது.

"பாக்சிக்குக்கு என் மேல் கோபமா? நான் நல்லதுக்குத்தான் செய்தேன்."

"கோபமில்லை. கையெழுத்துப் போடுங்கள்."

"அன்று ஒன்பதரைக்கே நான் ரதத்தை நகர்த்தியிருக்க வேண்டும். புவான் என்னிடம் அதை மட்டும்தான் சொன்னார். சம்மனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை." புவான் என்றது என் மகளை. அவர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். தேநீருக்குப் பணம் எடுத்தார், நான் விடவில்லை. இனி யாரிடமும் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

கணினியில் மறுபடி முந்நூறு வந்தது. கட்டினேன். ரசீதை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் எடுத்துப் பார்த்தாள், மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள், "இன்னிக்கு உப்பு சரியா இருக்கு பா" என்றாள்.

நேர்காணலில் முதல் கேள்வி அதுதானாம். உங்கள் அப்பாவுக்கே சம்மன் கொடுத்தீர்களாமே, வீட்டில் பிரச்சனை இல்லையா என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். "அவர் முழுத் தொகையையும் கட்டிவிட்டார்" என்றாளாம். இதுவே ஆணாக இருந்தால் வீட்டைப் பற்றி யார் கேட்டிருப்பார்கள்? நான் இதைச் சொன்னபோது, "அதையும் எண்ணி வச்சுக்குங்க" என்றாள்.

அக்டோபரில் கடிதம் வந்தது. பதவி கிடைத்துவிட்டது. மாநிலம் சபா. கடல் தாண்டி, விமானத்தில் இரண்டரை மணி நேரம். பதினோராவது இடமாற்றம். அரசாங்க வீட்டில் பிரிக்காமலேயே கிடந்த பெட்டிகளை அப்படியே ஏற்றினார்கள். முப்பது ஆண்டுகளில் அவள் என்னோடு இருந்தது பதினேழு மாதங்கள்.

நவம்பரில் பொறுப்பு ஒப்படைக்கும் விழா. புதிய தலைவர் ஆண், அவருக்கு மனைவி இருந்தார், நாற்காலி காலியாக இல்லை. என்னை இரண்டாம் வரிசையில் உட்காரவைத்தார்கள். அன்பளிப்பு கொடுக்கும் நேரம் வந்தது. கொடுக்க வேண்டியது பழைய தலைவரின் மனைவி. சார்ஜன் மறுபடியும் என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். புதிய தலைவரின் மனைவிக்கு நான் ஒரு கைப்பை கொடுத்தேன். என்னுடையதைவிடச் சின்னது.

வெளியே கோயில் தலைவர் மாலையோடு காத்திருந்தார். இந்தத் தடவை அவள் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, எனக்கு டிஸ்கவுண்ட் போட்டுட்டான். பதினொண்ணும் பாதி வெல. நீங்களும் கொஞ்சம் பொறுத்திருந்தா நூத்தம்பதோட போயிருக்குமே லா. அவசரப்பட்டுட்டீங்க."

நான் காரைப் பார்த்து நடந்தேன். அவள் காரில் ஏறிக்கொண்டிருந்தாள், ஓட்டுநர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மருந்து மறக்காதீங்க பா" என்றாள். கார் பெரிய சாலையில் திரும்பும் வரை பார்த்தேன். போக்குவரத்து இல்லை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து கைப்பையிலிருந்த சீட்டுகளை எடுத்துக் கூட்டினேன். சம்மன் முந்நூறு. வாடகைக் கார் மூன்று நாள், போகவர எழுபத்தொன்பது. பிரதி நான்கு பக்கம், நாற்பது காசு. தேநீர் ஒரு வெள்ளி எண்பது காசு. ஆக மொத்தம் முந்நூற்று எண்பத்தொரு வெள்ளி இருபது காசு.